'காப்பாத்து'ங்கிற சொல் எப்படி வந்துச்சு? காக்குறதும் மீட்குறதும் ஒண்ணா?

தாமிரபரணிக்காரன்:
நேத்து டிவில கீழ ஓடுற வரில "ஆற்றில் மூழ்கிய மாணவர் மீட்பு"ன்னு வந்துச்சு. எங்க அம்மா "ஏலே, பய பொழச்சுக்கிட்டானால?"ன்னு கேட்டாவ, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அடுத்த சுத்துல முழுசா வருது, "சடலமாக மீட்பு". அம்மாவுக்கு வந்த கோவத்தப் பாக்கணுமே, செத்தவன கரையேத்துனதுக்குப் பேரு மீட்குறதால, உயிரக் காப்பாத்துனாத்தான மீட்குறதுன்னு.

அதுல இருந்து இதே யோசனைதான். காப்பாத்துன்னு தெனம் சொல்லுதோம், அது எப்படி உண்டாச்சு? மீட்பு எங்க இருந்து வந்துச்சு? ரட்சின்னு ஒண்ணு இருக்கு, அது எந்தப் பக்கம்? மூணும் ஒரே பொருளா, இல்ல பழைய ஆளுங்க வித்தியாசம் பாத்து வச்சிருந்தாங்களா? தெரிஞ்சவங்க வெளக்கமாவே எழுதுங்க, நீளமா இருந்தாலும் படிப்பேன்.

கொங்குதேர்:
நல்ல கேள்விங்க. காப்பாற்றைப் பிரிச்சா காப்பு + ஆற்று. இந்த ஆற்று வந்து கடமையாற்று, பணியாற்று, உரையாற்றுல வர்ற அதே ஆற்றுதானுங்க, செஞ்சு முடிக்கிறதுன்னு பொருள். பேச்சுல றகரம் தேஞ்சு காப்பாத்துன்னு ஆயிருச்சு. காப்புங்கறது 'கா'ங்கற வினையில பொறந்த பேரு. காக்க, காத்தான், காப்பான், காவல், காவலன் எல்லாம் அந்த ஒத்தை எழுத்துல இருந்து கெளம்புனதுதான்.

ஆனா முக்கியமா பாக்க வேண்டியது காப்புங்கற சொல்லை நாம எங்கெங்க வச்சிருக்கறோம்ங்கறது. எங்கூர்ப் பக்கம் போகியன்னிக்கு வேப்பந்தழை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் ஒரு கொத்தாச் சேத்து வீட்டு எரவாரத்துல, மாட்டுக் கொட்டாயில, தோட்டத்து மூலையில எல்லாம் சொருகுவோம், அதுக்குப் பேரு காப்புக் கட்டறது. மாரியம்மன் நோம்பிக்கு மஞ்சக் கயித்துல மஞ்சக் கெழங்கக் கட்டி கையில காப்புக் கட்டுவாங்க, கட்டிட்டா நோம்பி முடியற வரைக்கும் வேற ஊர்ல ராத்தங்கக் கூடாது. மாசமா இருக்கற புள்ளைக்கு வளைகாப்பு. புலவருங்க நூல் எழுத ஆரம்பிச்சா மொதல்ல காப்புச் செய்யுள். பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவத்துல மொதப் பருவமே காப்புப் பருவம்.

இது அத்தனையும் கெடுதல் வர்றதுக்கு முன்னாடி செய்யறது, கவனிச்சுப் பாருங்க. எதுவும் நடந்து முடிஞ்சப்புறம் இல்லை. 435ஆம் குறள் "வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்". நெருப்பு வர்றதுக்கு முன்னாடியே வைக்கப்போரைக் காக்கோணும், பத்துன பின்னாடி காக்கறதுக்கு என்ன இருக்குது. அரசு திட்டத்துக்கு வருமுன் காப்போம்னு பேர் வச்சதும், இன்சூரன்ஸுக்குக் காப்பீடுன்னு சொல் உண்டாக்குனதும் இந்தப் பொருளைப் புடிச்சுத்தான்.

கரந்தைப்பூ:
கொங்குதேர் சொன்னதுக்கு மேல ஒரு படி. பழைய ஆளுங்க வித்தியாசம் பாத்தாங்களான்னு கேட்டீங்க இல்லையா, நல்லாவே பாத்திருக்காங்க. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண பழம்பாட்டு ஞாபகம் இருக்கா, "வெட்சி நிரைகவர்தல் மீட்டல் கரந்தையாம்"னு ஆரம்பிக்கும், நடுவுல "எயில்காத்தல் நொச்சி"ன்னு வரும். அதாவது எதிரி ஓட்டிட்டுப் போன மாட்டுக் கூட்டத்தைத் திருப்பிக் கொண்டு வர்றது மீட்டல், அதுக்குக் கரந்தைப் பூ சூடணும். கோட்டைக்குள்ள நின்னு மதிலை விடாம இருக்கிறது காத்தல், அதுக்கு நொச்சிப் பூ. ஒரே பாட்டுல ரெண்டு வேலைக்கு ரெண்டு வினை, ரெண்டு பூ. கலக்கவே இல்ல.

மீட்டல் 'மீள்'ல இருந்து வந்தது. தானே திரும்பி வந்தா மீள், வேற ஒருத்தர் திரும்ப வர வச்சா மீட்டு. அதனாலதான் அடகு வச்ச நகையை மீட்கிறோம். மீட்புன்னா ஏற்கனவே கை மாறிப் போயிருக்கணும்.

செங்கம், தருமபுரி வட்டாரத்துல பல்லவர் கால நடுகல் நிறைய இருக்கு. அதுல "தொறு மீட்டுப் பட்டான்"ங்கிற மாதிரி வாசகம் வரும். தொறுன்னா மாட்டு மந்தை, பட்டான்னா செத்தான். மந்தையத் திருப்பிக் கொண்டு வரும்போது உயிரை விட்டவனுக்கு ஊர் நட்ட கல். 2006ல தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில கிடைச்ச கல்லு இதையெல்லாம் விட பல நூற்றாண்டு பழசு, தமிழ் பிராமி எழுத்து, அதுல 'ஆகோள்'னு வருது, மாடு கவர்ந்து போற சண்டை.

இப்ப நான் சொல்ல வந்தது திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்ல இருக்கிற கல்லு பத்தி. மகேந்திரவர்மனோட 34ஆம் ஆட்சியாண்டு, 7ஆம் நூற்றாண்டு. கருந்தேவகத்தின்னு ஒரு வீரன், தன் எருமைகளுக்காகச் சண்டை போட்டுச் செத்துட்டான். கல்லுல அவன் உருவம், கூடவே ஒரு நாய் உருவம். நாய்க்குன்னு தனியா ஒரு வரி வெட்டியிருக்காங்க: "கோவிவன் என்னும் நாய் இரு கள்ளனைக் கடித்துக் காத்திருந்தவாறு". நாயோட பேரு கோவிவன். ரெண்டு திருடனைக் கடிச்சிட்டு அங்கயே காத்திருந்துச்சாம்.

அந்தக் 'காத்திருந்த'வைப் பாருங்க. பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம்னு நாம சொல்ற அதே சொல்தான். ஆனா அந்தக் கல்லுல அதுக்குப் பொருள் வெயிட் பண்றது இல்ல, காவல் நின்னுச்சுங்கிறது. காத்து + இரு. காத்துக்கிட்டே அங்க இரு. 'கா'வோட பழைய உயிர் எதுன்னு கேட்டா நான் இந்த ஒரு வரியைத்தான் காட்டுவேன். பாய்ஞ்சு போய் இழுத்துட்டு வர்றது அதுல இல்ல, இடத்தை விட்டு நகராம நிக்கிறதுதான் இருக்கு.

தாமிரபரணிக்காரன்:
அண்ணே, கோவிவன் வரியப் படிச்சதும் ஒடம்பு சிலுத்துட்டு. ஒரு நாய் பேரு இத்தன நூத்தாண்டு தாண்டி நமக்குத் தெரியுதுன்னா அந்தக் கல்ல வெட்டுனவனுக்கு என்ன மனசு இருந்திருக்கணும். எங்க ஊர்ல காத்தான், காத்தமுத்து, ஊர்க்காவலன்னு பேரு சர்வசாதாரணம், இப்பத்தான் அந்தப் பேரெல்லாம் காதுல வேற மாதிரி விழுது.

நாஞ்சில் செல்வி:
ரட்சி பத்தி நான் சொல்லட்டா. சமஸ்கிருதத்துல ரக்ஷ்னா காக்குறது, ரக்ஷா பந்தன்ல வர்ற ரக்ஷாவும் அதுதான். தமிழ்ல ரெண்டு கோவில் வழியாவும் வந்துருக்கு. ஹோமம் முடிஞ்சதும் நெத்தியில கறுப்பா ஒரு பொட்டு வைப்பாங்க, அது ரட்சை. திருநீறுக்குச் சொல்ற அஞ்சு பேர்ல இரட்சையும் ஒண்ணு. அப்புறம் எங்க பக்கத்து சர்ச்சுல இரட்சகர், இரட்சிப்பு. சால்வேஷன் ஆர்மிக்கே தமிழ்ல இரட்சணிய சேனைன்னுதான் பேரு.

இதுல பெருசா யாரும் கவனிக்காதது ஒண்ணு இருக்கு. பழைய வேதாகம மொழிபெயர்ப்புல இரட்சகரும் இருக்கு, மீட்பரும் இருக்கு, ரெண்டும் வேற வேற எடத்துல. கிறிஸ்து பொறந்த சேதியைத் தேவதூதன் சொல்லுற எடத்துல "இரட்சகர்". யோபு எல்லாத்தையும் இழந்து ஒடம்பெல்லாம் புண்ணா கெடக்குற நேரத்துல சொல்லுறது "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்". ஆபத்துல இருந்து காக்கிறவருக்கு இரட்சகர், பறிபோனதை விலை கொடுத்துத் திருப்பி வாங்குறவருக்கு மீட்பர், கரந்தைப்பூ அண்ணன் சொன்ன அடகு நகை மாதிரியேதான். அப்புறம் 1995ல வந்த பொது மொழிபெயர்ப்புல தமிழா இருக்கட்டும்னு இரட்சகர் இருந்த எடத்துலயும் மீட்பர்னு போட்டாங்க. படிக்க அழகாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு சொல்லுக்கு நடுவுல இருந்த வரப்பு அழிஞ்சு போச்சுன்னு எனக்குத் தோணும்.

தனித்தமிழ்த் தேனீ:
செல்வி அக்கா, வரப்பு அழியக் கூடாதுன்னா இரட்சகரை வச்சுக்கணும்னு இல்லையே. காப்பவர், காவலர், உய்விப்பவர்னு நம்ம கிட்ட என்ன குறைச்சல்? உய்னு ஒரு வினை இருக்கு, பொழைச்சுப் போறது. 110ஆம் குறள், "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்". திருச்சில உய்யக்கொண்டான் வாய்க்கால் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, தண்ணி ஓடுற வாய்க்கால்லயே அந்தச் சொல் இருக்கும்போது சட்டசபையிலயும் சர்ச்சுலயும் இருக்கக் கூடாதா. ஓம்பு இருக்கு, "பல்லுயிர் ஓம்புதல்". புர இருக்கு, புரவலன். துன்பத்தைப் போக்கி ஆதரவா இருக்கறதுக்குக் களைகண்னு ஒரு சொல், நம்மாழ்வார் குடந்தைப் பெருமாள்கிட்ட "களைவாய் துன்பம் களையாது ஒழிவாய் களைகண் மற்றிலேன்"னு பாடறார், நீ தீத்து வச்சாலும் சரி வைக்காட்டியும் சரி எனக்கு வேற கதி இல்லைன்னு. இவ்வளவு சொல் இருந்தும் நாம எல்லாத்துக்கும் மீட்பு மீட்புன்னு ஒண்ணையே போட்டு அரைக்கிறோம்.

நாஞ்சில் செல்வி:
தம்பி, களைகண் ரொம்ப நல்ல சொல்லு, அதுல எனக்குச் சண்டையே இல்ல. ஆனா எங்க பாட்டி சாகக் கெடக்கும்போது "இரட்சகரே"ன்னுதான் கூப்பிட்டாங்க. ஒருத்தர் உயிர் போற நேரத்துல வாயில வர்ற சொல்லு அவங்க சொல்லுதான், அது எந்த ஊர்ல பொறந்திருந்தாலும். நூலுக்கு எழுதும்போது நீங்க சொல்றதை எடுத்துக்கலாம்.

தனித்தமிழ்த் தேனீ:
பாட்டி விஷயத்துல நான் ஒண்ணும் சொல்ல முடியாதுக்கா. ஆனா புதுசா எழுதுறவங்க தமிழ்ச் சொல்லை எடுக்கணுங்கிறதுல நான் மாற மாட்டேன்.

யாழ்நிலவன்:
நல்ல திரி, வாசிச்சுக்கொண்டு வாறன். எனக்கொரு சந்தேகம். எங்கட பக்கம் காவுறது எண்டால் தூக்கிக்கொண்டு போறது. "பொதியைக் காவிக்கொண்டு வா" எண்டுதான் கதைக்கிறது. சண்டை நேரம் காயப்பட்ட ஆக்களையும் தோளிலை காவிக்கொண்டுதான் ஓடினவை. அப்ப இந்தக் காவுறதும் காக்கிறதும் ஒரு வேர்தானோ? எனக்கு அப்பிடித்தான் இருக்கவேணும் போலக் கிடக்கு, ஏனெண்டால் எங்கட சனத்துக்குக் காப்பாத்திறது எண்டாலே காவிக்கொண்டு ஓடுறதுதான்.

கரந்தைப்பூ:
யாழ்நிலவன், நீங்க சொன்னதைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. வேரைப் பொறுத்தவரை ரெண்டும் வேற வேற. பர்ரோவும் எமனோவும் சேர்ந்து போட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதில காக்கிற 'கா' தனிப் பதிவு, சுமக்கிற 'கா' தனிப் பதிவு. சுமக்கிற கா தோள்ல வைக்கிற தண்டு, ரெண்டு பக்கமும் பாரம் தொங்கும், காவடில இருக்கிறது அந்தக் கா. தமிழ்நாட்டுல அந்த வினை ஏறக்குறைய வழக்கொழிஞ்சு காவடில மட்டும் தங்கிப் போச்சு, உங்க பேச்சுல உயிரோட இருக்கு.

யாழ்நிலவன்:
நன்றி அண்ணை. வேர் வேறை எண்டாலும் வன்னியிலை இருந்து வந்த ஆக்களுக்கு ரெண்டும் ஒண்டாத்தான் கேக்கும், அதையும் எழுதி வைக்கவேணும். ஷெல் விழேக்கை அருந்தப்பிலை தப்பினவை எல்லாரும் ஆரோ ஒராள் காவினபடியால் தப்பினவைதான்.

பாலக்காட்டு மதினி:
நாங்க ரெண்டு பாஷையும் பேசுற ஊரு. மலையாளத்துல இப்பப் பேச்சு வழக்குல காப்பாத்தறதுக்கு ரக்ஷிக்குகதான், ஆத்துல முங்குறவங்க "ரக்ஷிக்கணே"ன்னுதான் கத்துவாங்க. ரக்ஷப்பெட்டுன்னா தப்பிச்சுட்டான், வாழ்க்கைல கரையேறிட்டான்னும் அதையே சொல்லுவாங்க. ஸ்கூல்ல அப்பா அம்மாவுக்கு ரக்ஷாகர்த்தா. ஆனா காவலும் காத்திரிக்குகயும் அப்படியே இருக்கு. அவங்க கா'வைக் காவலுக்கும் காத்திருக்கிறதுக்கும் வச்சுட்டு, ஆபத்துக்கு ரக்ஷையை எடுத்துக்கிட்டாங்க. நாம ஆபத்துக்கும் காப்பாத்துன்னு அதே கா'வையே வச்சிருக்கோம்.

இரவுப்பணி:
நான் அரசு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். மொழி ஆராய்ச்சி எல்லாம் தெரியாது, ஆனா இந்தச் சொல்லைத் தினமும் கேக்குறேன் அதனால எழுதுறேன்.

கேஷுவாலிட்டில ஆம்புலன்ஸ் கதவு திறந்த உடனே சொந்தக்காரங்க வாயில வர்றது "எப்படியாவது காப்பாத்துங்க". மீட்டுக் கொடுங்கன்னு யாரும் சொன்னதே இல்ல. ஆனா காப்பாத்துறதுன்னா டாக்டர் உள்ள வந்து ஒரு ஊசி போட்டு எழுப்பி விடறதுன்னு சினிமால காட்டுறாங்க பாருங்க, அப்படி இல்ல. ஆக்சிடென்ட் கேஸ் ஒண்ணு வந்து ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூக்கு வந்தப்புறம் ராத்திரி முழுக்க மணிக்கொரு தடவை பிபி, பல்ஸ், சாச்சுரேஷன், யூரின் எவ்வளவு வந்திருக்கு, கண்ணுல டார்ச் அடிச்சு கண்பாப்பா சுருங்குதா பாக்கணும், அதையெல்லாம் சார்ட்ல குறிக்கணும். ஒரு கண்ணுல பாப்பா பெருசா இருந்தா உடனே ட்யூட்டி டாக்டரைக் கூப்பிடணும், பத்து நிமிஷம் விட்டா போச்சு. கரந்தைப்பூ சார் சொன்னாரே, இடத்தை விட்டு நகராம நிக்கிறதுன்னு, ராத்திரி மூணு மணிக்கு எங்க வேலை அதுதான். அதனாலதான் எழுதணும்னு தோணுச்சு. 2021 டிசம்பர்ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச விபத்துத் திட்டத்துக்கு "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48"னு பேரு வச்சாங்க, முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம், ஆரம்பிச்சப்ப ஒரு லட்சம் ரூபா வரைக்கும். அதுல மீட்போம்னு போடாம காப்போம்னு போட்டது ரொம்பச் சரி, அந்த 48 மணி நேரமும் கூட நிக்கிறதுதான் வைத்தியம்.

இன்னொண்ணு. ஜெரியாட்ரிக் வார்டுல வயசானவங்க சொல்ற காப்பாத்து வேற. "ரெண்டு பசங்க இருக்காங்கம்மா, யாரும் காப்பாத்தல"ம்பாங்க. அவங்க சொல்றது சோறு போட்டுக் கூட வச்சுப் பாத்துக்கறதை. "குடும்பத்தைக் காப்பாத்துற பையன்"னாலும் அதே பொருள்தான். அந்தக் காப்பாத்துக்கு ஆபத்தே வேண்டியதில்ல, தினமும் நடக்கணும் அவ்வளவுதான்.

கொங்குதேர்:
இரவுப்பணி அக்கா, இத்தனை பேர் எழுதுனதுல எனக்கு உங்களுதுதான் மேலுங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்து, மானத்தைக் காப்பாத்துன்னு சொல்றதும் அந்தத் தினசரிக் காப்பாத்துதான். 385ஆம் குறள்ல அரசன் வேலையை "இயற்றலும் ஈட்டலும் காத்தலும்"னு வரிசையா வச்சிருக்கறாரு, பணம் வர்ற வழியை உண்டாக்கி, சேத்து, சேத்ததை விட்டுடாம பாத்துக்கறது. ஆபத்து வந்தா பாய்ஞ்சு போறது அதுல ஒரு சின்னப் பங்குதானுங்க.

மேசைத்துணை:
நான் ஒரு நாளிதழ்ல துணையாசிரியரா இருக்கேன், எந்தப் பேப்பர்னு வேணாம். தாமிரபரணிக்காரன் அம்மா கேட்ட கேள்விக்கு யாரும் இன்னும் நேரா பதில் சொல்லலையேன்னு எழுதறேன்.

போலீஸ் குறிப்புல எப்பவும் "பிரேதத்தைக் கைப்பற்றி"ன்னுதான் வரும். தீயணைப்புத் துறை பேரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை, பேரிடர் படைக்கும் தமிழ்ல மீட்புப் படைன்னு பேரு நிலைச்சிருச்சு. அவங்க வந்து செஞ்சா அது மீட்புப் பணி, உள்ள இருக்கிறவர் உயிரோட இருந்தாலும் இல்லாட்டியும். 2019 அக்டோபர்ல மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டில ஆழ்துளைக் கிணத்துல குழந்தை விழுந்தப்ப நாலஞ்சு நாள் தமிழ்நாடே அந்தச் சொல்லைத்தான் பாத்துட்டு இருந்துச்சு, கடைசில உடலைத்தான் எடுக்க முடிஞ்சது, அன்னிக்கும் அதே சொல்தான் தலைப்புல. துறையோட பேர்ல இருந்து சொல் செய்திக்கு வந்துருச்சு, அங்கிருந்து எல்லாத்துக்கும் பரவிருச்சு. "செம்மரக்கட்டை மீட்பு", "நிலம் மீட்பு"ங்கிறதெல்லாம் சரியான பிரயோகம், கை மாறிப் போனதைத் திருப்பி எடுக்கறாங்க. "சடலமாக மீட்பு"தான் தப்பு, அம்மா கேட்டதுல நியாயம் இருக்கு. நான் பாக்குற பக்கத்துல உயிரோட வந்தா "உயிருடன் மீட்பு", இல்லேன்னா "உடல் கண்டெடுப்பு"ன்னு மாத்திட்டுதான் அனுப்புவேன். தலைப்புல ரெண்டு எழுத்து கூடுதலா போகும், போகட்டும், அந்த வரியைப் படிக்கிற முதல் ஆள் அந்தப் பையனோட வீட்டு ஆளா இருக்கலாம்.

தாமிரபரணிக்காரன்:
இதத்தான் கேட்டேன், ரொம்ப நன்றி. டிவிக்காரங்களும் இதப் படிச்சா நல்லாருக்கும். வரி ஓடுற வேகத்துல பாதிதான் கண்ணுல படும், "மீட்பு"ங்கிற எடத்துல நின்னு போனா வீட்டுல இருக்கிறவங்க நெலம என்னாவுறது.

பெங்களூரு பொன்னி:
லேட்டா வர்றேன், காத்திரு பத்தி ஒரு விஷயம் சேர்க்கணும். கன்னடத்துல 'காயு'ன்னு ஒரே வினை, காவல் காக்கறதும் அதுதான், வெயிட் பண்றதும் அதுதான். மாடு மேய்க்கறதுக்கும் 'தன காயோது'ம்பாங்க, தனன்னா மாடு. காப்பாத்தறதுக்குக் 'காபாடு', தெலுங்குலயும் காபாடுதான், காவலுக்குத் தெலுங்குல காபலா. மாட்டைக் காக்கறது, காத்திருக்கறது, காப்பாத்தறது மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. எடத்தனூர் கல்லுலயும் எருமையும் காவலும் காத்திருந்ததும் ஒரே எடத்துல வருது பாத்தீங்களா. படுகு, துளு, குடகு பேசுறவங்க யாராவது இங்க இருந்தா உங்க பேச்சுல மாட்டைப் பாத்துக்கறதுக்கும் ஒருத்தருக்காகக் காத்து நிக்கறதுக்கும் என்ன சொல்வீங்கன்னு எழுதுங்க, முக்கியமா வயசானவங்ககிட்ட கேட்டுட்டு எழுதுங்க.